வினையெச்சம்

நூதனசாலையின் பின்வளவில்
ஆலமரத்துக்குக் கீழே கிடத்தியிருக்கிறார்கள்.
தொண்ணூறு சென்டிமீற்றர். கீழ்ப்பாதி இல்லை.
எழுத்து எங்கள் எழுத்து,
மெய்க்குப் புள்ளி வைக்காத காலத்தது.

மூன்று மொழியிலும் விவரச்சீட்டு வேண்டும்,
ஒவ்வொன்றும் அறுபது சொல்லுக்குள்.
தமிழ் என் பங்கு.
ஈரத்துணியால் துடைத்து, குனிந்து வாசிக்கிறேன்:

மதிலிடித்து மடைதகர்த்து
ஊரெரித்து உழவழித்து
முடியும் முத்தாரமும் முழுவதுங் கொண்டு
முனைநின் றாரை மூக்கரிந்து

அவ்வளவுதான். அதோடு கல் முறிந்திருக்கிறது.

ஓசை நன்றாக ஓடுகிறது. அதுதான் சங்கடம்.
கடலுக்கு அந்தப் பக்கத்தில்
வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒருவன்
மோனைக்காக மூக்கைத் தேர்ந்திருக்கலாம்.
காதென்றால் தட்டும்.

மூக்கை அரிந்தார்கள், கொல்லவில்லை.
கணக்கு அங்கேதான் இருக்கிறது.
பிணம் நடக்காது.
மூக்கில்லாதவன் அடுத்த ஊர்வரை நடப்பான்,
கிணற்றடியில் நின்று தண்ணீர் கேட்பான்.
அதற்குப்பிறகு அந்த ஊருக்கு
ஓர் அம்பும் செலவில்லை.
கோட்டைக் கதவின் தாழை
உள்ளே இருப்பவர்களே எடுத்துவிடுவார்கள்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலும்
ஒரு வீட்டைத்தான் எரித்தார்கள்.
மூலை வீடு, பல்வைத்தியர் குலவீரசிங்கத்தினுடையது.
மற்ற ஏழும் பொழுதுபட முன்னம்
தாமாகவே காலி.
எனக்கு எட்டு வயது.
மேசைக்குக் கீழே கிடந்தபடி
ஒரே ஒரு சிங்களச் சொல்லைத்
திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

பத்து வருடம் கழித்து, பேச்சுப் போட்டியில்,
கடல் தாண்டி எரித்தவனை
எங்கள் ஆள் என்று முழங்கினேன்.
கைதட்டினார்கள்.
பரிசு ஆறு கண்ணாடிக் கிளாஸ், பூப்போட்டவை.
இரண்டு இன்னும் உடையாமல் இருக்கின்றன.

சிங்களச் சீட்டு ருவினிக்கு.
"எரித்து என்றால்?
எரித்தானா, எரிக்கிறானா?"
இரண்டுமில்லை. இது வினையெச்சம்.
பின்னால் ஒன்று வந்து முடித்துவைக்கும்வரை
தீ அப்படியே நிற்கும்.
முழுக்கல் என்றால் கடைசியில்
வீற்றிருந்தருளிய என்று வரும்,
அரசன் பெயர் வரும்,
அத்தனை வெட்டும் கொத்தும்
அந்த ஓர் அருளில் போய் உட்கார்ந்துவிடும்.
இதில் அது உடைந்துபோயிற்று.

பென்சிலைக் கடித்தாள்.
"புளுஸ்ஸா" என்றாள்.
"எங்களிலும் இப்படித்தான், தொங்கும்.
எங்கட ராஜாக்களும் பிடிபட்டவங்களை…"
நிறுத்திவிட்டாள்.
அந்த வாக்கியத்துக்கும் முற்று வரவில்லை.

மேலேயிருந்து காகம் ஒன்று
'முழுவதுங்'குக்கு நேரே வெள்ளையாகப் போட்டது.
ருவினி சிரித்தாள்.
நான் அவளுக்குச் சொல்லவில்லை,
தமிழில் இதற்கும் எச்சம்தான் பெயர்,
தப்பி மிஞ்சியவர்களுக்கும், அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும்.

சீட்டில் எழுதினேன்:
கருங்கல். கீழ்ப்பகுதி உடைந்தது.
ஓர் அரசன் செய்ததாகச் சொல்லிக்கொண்டவை.
பெயர் கிடைக்கவில்லை.
இடித்து, எரித்து, அரிந்து,

கடைசிக் காற்புள்ளியைப் பணிப்பாளர்
பிழை என்று வெட்டுவார்.
வெட்டட்டும்.

காவலாளி சாலிய கல்லைக் கழுவ வந்தார்.
கையிலிருந்த போத்தல் தண்ணீர் போதவில்லை.
"மிஸ், அந்த…" என்று
குழாயடியைக் காட்டினார், தமிழில் சொல் தேடி.

பால்திய, என்றேன்,
அவர் வாயைத் திறக்க முன்னம்.
உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.